ஞானஸ்நான ஏடும் பஞ்சமி நிலமும்

செங்கல்பட்டு மாவட்டத்தில் ஏரிக்கரையை ஒட்டிய ஒரு காலனி. ஞாயிறு ஆராதனை முடிந்து பிள்ளைகள் வீட்டுக்கு ஓடிவிட்டார்கள். பெரியவர்கள் கலையவில்லை. கோயிலுக்குப் பக்கத்துப் புங்கமரத்தடியில் பாய் விரித்துக் காகிதங்களைப் பரப்பினார்கள். நகல் எடுத்த ‘அ’ பதிவேட்டுப் பக்கங்கள், வில்லங்கச் சான்று, கசங்கிய தீர்வை ரசீதுகள், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய ஒரு பதில் கடிதம். இவற்றுக்கு நடுவில் சிவப்புத் துணியில் சுற்றிய தடித்த ஏடு ஒன்று. அது அந்தத் திருச்சபையின் பழைய ஞானஸ்நானப் பதிவேடு.

கூட்டத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா இருந்தார். அவருடைய தாத்தாவுக்குச் சர்க்கார் கொடுத்த பஞ்சமி நிலம் இன்று கல் நட்டு மனைப்பிரிவாகக் கிடக்கிறது. பதிவேட்டில் இருப்பது தாத்தாவின் பழைய பெயர். குடும்பத்தில் எல்லோரும் அறிந்தது அவருடைய வேதப் பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்டுவதற்கு ஊரில் மிஞ்சியிருக்கும் ஒரே ஆதாரம் அந்தச் சிவப்புத் துணி ஏடு. இன்னாருடைய மகன் இன்னார், இந்தப் பெயரில் ஞானஸ்நானம் பெற்றார் என்று மிஷன் காலத்து மையில் அதில் எழுதியிருக்கிறது.

சட்டக் கல்லூரியில் படிக்கும் அந்தக் காலனிப் பையன் ஏட்டைப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னான்: “ஆயா, இதைக் காட்டினா நிலம் உன் தாத்தாதுன்னு நிரூபிக்கலாம். ஆனா நீ கிறிஸ்தவம்னும் சேர்த்தே நிரூபிச்சதா ஆயிடும். அப்புறம் வன்கொடுமைச் சட்டத்துல புகார் கொடுத்தா நிக்காது.”

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “எங்க தாத்தாவுக்கு நெலம் கொடுத்தப்போ, நீ எந்தச் சாமி கும்புடறேன்னு கேட்டுட்டா கொடுத்தாங்க?”

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் நூற்று முப்பது ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

அன்றைய செங்கல்பட்டு ஜில்லாவில் நிலம் மிராசுதார்களின் கையில் இருந்தது. பறையர் குடும்பங்கள் பெரும்பாலும் படியாட்கள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாங்கிய சிறு கடனுக்காகத் தலைமுறை தலைமுறையாக உழைப்பை அடகு வைத்தவர்கள். தரிசாகக் கிடந்த சர்க்கார் நிலத்தைக் கேட்டு ஒரு படியாள் தர்க்காஸ்து போட்டால், அதே நிலத்தைக் கேட்கும் முன்னுரிமை மிராசுதாருக்கு இருந்தது. படியாள் மனு போட்ட பிறகுதான் பல மிராசுதார்களுக்கு அந்தத் தரிசின் மீது திடீர்ப் பாசம் பிறக்கும். குடிசை நின்ற மண்ணும் படியாளுக்குச் சொந்தமில்லை. எதிர்த்துப் பேசினால் வயலில் வேலை போகும், அன்றைக்கே வீடும் போகும். இந்த இரட்டைப் பூட்டைப் புரிந்துகொள்ளாமல் பஞ்சமி நிலத்தின் அருமையைப் புரிந்துகொள்ள முடியாது.

அந்த நாளில்தான் ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ செங்கல்பட்டிலும், வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடி திருவள்ளூரை அடுத்த ஈக்காட்டிலும் வேலை செய்தார்கள். வேதம் சொல்லப் போன இடத்தில் அவர்கள் முதலில் கண்டது நிலமின்மை. சேரி மக்களுக்காகத் தர்க்காஸ்து எழுதிக் கொடுத்தார்கள், குடியிருப்பு மனை வேண்டும் என்று அதிகாரிகளிடம் வாதாடினார்கள், பத்திரிகைகளுக்கு எழுதினார்கள். சிங்கப்பெருமாள்கோவில் பக்கம் இருக்கும் மெல்ரோசாபுரம் ஆண்ட்ரூ உருவாக்கிய உழவர் குடியேற்றம். இன்று அந்த வழியாகப் பேருந்தில் போகும் மாணவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ.

மிஷனரிகளுக்கு ஆத்துமக் கணக்கு இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மக்களுக்கும் கணக்கு இருந்தது. தனக்காகத் தாலுகா கச்சேரி வரை வந்து நிற்பவன் எந்தச் சாமியைக் காட்டுகிறானோ அந்தச் சாமியிடம் போவோம் என்று முடிவெடுத்த நம் பாட்டன்மார் ஏமாளிகள் அல்லர். ‘அரிசிக் கிறிஸ்தவர்’ என்று அவர்களைக் கேலி செய்தவர்கள் அரிசிக்கு ஒருநாளும் அலையாதவர்கள்.

1891இல் செங்கல்பட்டின் பொறுப்பு கலெக்டராக இருந்த திரமென்ஹீர், ஜில்லாவின் பறையர் நிலை பற்றி விரிவான அறிக்கை எழுதினார். குடிசையின் அளவு, உடுப்பு, உணவு, அடிமைக் கடன் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதிய அறிக்கை அது. மேலிருந்த வருவாய் வாரியம் அதை ரசிக்கவில்லை. ஆனாலும் 1892 செப்டம்பர் 30ஆம் தேதி அரசாணை வந்தது. ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கென்று தரிசு நிலம் ஒதுக்கிக் கொடுக்கும் ஏற்பாடு அதிலிருந்து தொடங்கியது. நிபந்தனை தெளிவானது: முதல் பத்தாண்டுகள் விற்கவோ அடகு வைக்கவோ கூடாது, அதன் பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத்தான் விற்க வேண்டும், மீறினால் சர்க்கார் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அப்படிக் கொடுக்கப்பட்ட நிலம் மாகாணம் முழுவதும் பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் சொல்லி வருகின்றன.

மிஷனரிகளால் மட்டும் இது நடந்தது என்று எழுதினால் வரலாறு ஒருக்களித்துவிடும். அதே காலத்தில்தான் அயோத்திதாசர் நீலகிரியில் மாநாடு கூட்டினார். இதே செங்கல்பட்டு மண்ணில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். கோரிக்கை சேரியில் எழுந்தது. அதை வெள்ளைக்காரச் சர்க்காரின் மொழியில் மனுவாக எழுத மிஷன் பங்களாவில் ஒரு மேசை கிடைத்தது.

அம்மாவின் கேள்விக்கு இதோ பதில். அன்று நிலம் கொடுத்தவர்கள் பார்த்தது சாதியை. அந்தச் சாதியில் பிறந்து மாரியம்மனைக் கும்பிட்டவரும் இயேசுவைக் கும்பிட்டவரும் ஒரே சேரியில்தான் இருந்தார்கள்.

கொடுத்த நிலம் எப்படிப் போனது என்பது ஊருக்கு ஊர் வேறு கதை. பஞ்சத்தில் ஒரு மூட்டை நெல்லுக்குப் போனது உண்டு. கைநாட்டு வாங்கியவர் காகிதத்தில் என்ன எழுதியிருந்தார் என்பது தெரியாமலே போனதும் உண்டு. 1980களில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், யு.டி.ஆர். என்று தாலுகா அலுவலகத்தில் சொல்வார்களே, அதில் அனுபவத்தில் இருந்தவர் பெயருக்குப் பட்டா மாறி, பழைய பதிவேட்டில் இருந்த நிபந்தனைக் குறிப்பு புதிய பதிவேட்டில் ஏறாமல் போன இடங்கள் பல. குறிப்பு போய்விட்டால் பத்திரப் பதிவுக்குத் தடையில்லை. பிறகு தொழிற்பேட்டை வந்தது, நான்குவழிச் சாலை வந்தது, சென்னைக்காரர்கள் மனை தேடி வந்தார்கள். எதற்கும் ஆகாது என்று கொடுத்த மேட்டு நிலம் சென்ட் கணக்கில் விலை பேசும் நிலமாகிவிட்டது.

இந்த மாவட்டத்தில் பஞ்சமி என்றதும் காரணை நினைவுக்கு வரும். 1990களின் தொடக்கத்தில், அம்பேத்கர் நூற்றாண்டின் வேகத்தில், சேரி இளைஞர்கள் பழைய பதிவேடுகளைத் தேடத் தொடங்கினார்கள். இயேசு சபைத் துறவியர் சிலர் அவர்களுடன் நின்றார்கள். பள்ளிக்கூடம், விடுதி, ஜெபம் என்று இருந்த மடத்து வாழ்க்கையை விட்டுக் கிராமம் கிராமமாக ‘மண்ணுரிமை’ என்று பேசியவர்கள் அவர்கள். காரணையில் பறிபோன பஞ்சமி நிலத்தில் மக்கள் இறங்கி அம்பேத்கர் சிலையை நிறுவினார்கள். சிலை அகற்றப்பட்டது. அதைக் கண்டித்து 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் திரண்ட மக்கள் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்தார்கள்.

அந்த இரண்டு பெயர்களையும் சேர்த்து ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பெயரை வைத்துப் பிரிக்க நினைப்பவர்களுக்கு அங்கே இடமில்லை. துப்பாக்கியும் பிரிக்கவில்லை.

பிரிப்பது சட்டம்தான். அரசமைப்பு நடைமுறைக்கு வந்த அதே 1950இல், ஆகஸ்ட் 10ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஆணை ஒன்று வந்தது. அதன் மூன்றாவது பத்தி, இந்து மதத்தைத் தவிர வேறு மதத்தைச் சேர்ந்தவர் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்றும் வெளியே. அதனால்தான் ஆகஸ்ட் 10ஐ தலித் கிறிஸ்தவ அமைப்புகள் கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கின்றன.

படிக்கிற பிள்ளைகள் ஒரு வழக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். சென்னை எழும்பூரில் சாலையோரம் செருப்புத் தைத்தவர் சூசை. செருப்புத் தைக்கும் தொழிலாளர்களுக்கு இலவசமாகப் பெட்டிக்கடை தரும் அரசுத் திட்டம் வந்தது. அதே தெருவில் அதே வேலை செய்த இந்துத் தொழிலாளிக்குக் கிடைத்தது. கிறிஸ்தவர் என்பதால் சூசைக்குக் கிடைக்கவில்லை. அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே கடுமையுடன் சாதிக் கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் முன்வைக்கப்படவில்லை என்று சொல்லி, 1985இல் மனுவைத் தள்ளுபடி செய்தது நீதிமன்றம். வெயிலில் உட்கார்ந்து செருப்புத் தைத்துக்கொண்டிருந்த ஒரு மனிதர் தன் சாதிக்கு இன்னும் என்ன ஆதாரம் கொண்டு வந்திருக்க முடியும் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

பின்னர் நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் மதத்தையும் பட்டியல் சாதித் தகுதியையும் பிரித்துவிடலாம் என்று பரிந்துரைத்தது. 2022 அக்டோபரில் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றொரு ஆணையம் அமைக்கப்பட்டது. 2023 ஏப்ரல் 19ஆம் தேதி தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டு ஒன்றிய அரசைக் கேட்டது. நம் மாநிலத்தில் மதம் மாறிய ஆதிதிராவிடர் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை உண்டு. ஆனால் சாதிச் சான்று பிற்படுத்தப்பட்டோர் என்றுதான் வரும். தனித் தொகுதியில் நிற்க முடியாது, தனி ஊராட்சியில் தலைவராக முடியாது, அடிபட்டால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் துணைக்கு வராது. அடிப்பவர் மட்டும் ஒருபோதும் ஞானஸ்நானச் சான்று கேட்டு அடிப்பதில்லை.

இதன் விளைவு வீட்டுக்குள் வந்து நிற்கிறது. எங்கள் பக்கத்துக் காலனிகளில் ஒரே பிள்ளைக்கு இரண்டு பெயர். பள்ளிச் சான்றிதழில் ஒன்று, கோயில் ஏட்டில் ஒன்று. வேலைக்குப் போன மகன் ஞாயிற்றுக்கிழமை கோயிலின் பின் வரிசையில் உட்கார்ந்துவிட்டு, படம் எடுக்கும்போது எழுந்து போய்விடுகிறான். இதை ஏமாற்று என்று சொல்பவர்கள், ஒரு மனிதனைத் தன் சாமியை ஒளித்துவைக்கச் செய்த சட்டத்தை என்ன பெயர் சொல்லி அழைப்பார்கள்?

சர்க்காரைக் கேட்கிற வாயால் திருச்சபைகளையும் கேட்க வேண்டும். தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களில் பெரும்பகுதியினர் தலித்துகள். ஆனால் ஆயர் நாற்காலியிலும், கல்லூரி முதல்வர் அறையிலும், சொத்துக் குழுவிலும் அவர்கள் எத்தனை பேர்? தனிக் கல்லறை, தனி வரிசை, தேர் வராத தெரு என்று எத்தனை பங்குகளில் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது? 2008 மார்ச்சில் எறையூரில், தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று தலித் கத்தோலிக்கர்கள் கேட்டதைத் தொடர்ந்து வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் சுட்டதில் வன்னியக் கிறிஸ்தவர் இருவர் இறந்தார்கள். ஒரே நற்கருணையை வாங்கிய கைகள் அவை. பஞ்சமி நிலம் பற்றிப் பேசும் சபைகள், தங்கள் பெயரில் இருக்கும் வயல்களில் குத்தகைக்கு உழுபவர் யார், வாரம் எவ்வளவு என்பதையும் மக்கள் முன் வைத்தால் நன்றாக இருக்கும்.

உள்ளேயிருந்து கேட்டவர்கள் இல்லாமல் இல்லை. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ‘பறட்டை’ என்று எல்லோரும் அழைத்த தியோபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டையே மாற்றி எழுதினார். ஒரு பானையில் சேர்ந்து சமைத்துச் சேர்ந்து தின்பதே நற்கருணை என்று அவர் சொல்லிக் கொடுத்த மாணவர்கள் இன்று பல ஊர்களில் போதகர்கள். பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தபோது, மடத்துக்குள் சாதி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதை ஊரே படித்தது. திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்டில் ஆதிவாசிகளின் நிலத்துக்காக வாழ்நாளைக் கொடுத்த ஸ்டேன் சுவாமியும் இந்த வரிசையில் வருபவர்தான். 2021 ஜூலையில் விசாரணைக் கைதியாகவே இறந்தார்.

மீண்டும் புங்கமரத்தடிக்கு வருவோம். அந்தக் காலனியில் வேலை நடக்கும் முறையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். மற்ற ஊர்க்காரர்களுக்குப் பயன்படும்.

முதலில் பெரியவர்களைக் கேட்டு, இது பஞ்சமி என்று வாய்வழியாகச் சொல்லப்படும் இடங்களின் எல்லையைக் காகிதத்தில் வரைந்தார்கள். அதற்கு இன்றைய புல எண் என்ன என்று கண்டுபிடிக்கவே இரண்டு மாதம். பிறகு யு.டி.ஆருக்கு முந்தைய ‘அ’ பதிவேட்டின் நகலைக் கேட்டுத் தகவல் உரிமை மனு. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள் கெடு. “பதிவேடு பழுதடைந்துள்ளது” என்று பதில் வந்தால் சோர்ந்துபோகக் கூடாது; மேல்முறையீடு செய்ய வேண்டும், மாவட்ட ஆவணக் காப்பறையில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். பழைய பதிவேட்டின் குறிப்புக் கலத்தில் ‘டி.சி.’ என்றோ நிபந்தனை என்றோ இருந்தால் அதுதான் அடித்தளம். பிறகு சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று. யார் யாருக்கு எந்த ஆண்டில் விற்றார்கள் என்ற சங்கிலி அதில் கிடைத்துவிடும். பட்டியல் சாதியினர் அல்லாதவர் கைக்கு நிலம் போன ஆண்டைச் சிவப்பு மையில் வட்டமிட்டு வைத்திருக்கிறார்கள்.

எவ்வளவு கை மாறியிருந்தாலும் நிபந்தனை நிலத்தோடு ஒட்டியே வருகிறது. சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் இதை உறுதிசெய்திருக்கிறது. ஓய்வு பெற்ற நீதிபதி மருதமுத்து தலைமையில் 2011இல் பஞ்சமி நிலங்களை மீட்பதற்கென்று அரசே குழு அமைத்தது. ஆகவே சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தாலுகா அலுவலகத்தில் கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகர்வதுதான் நடப்பதில்லை. நகர்த்துவதற்கு ஆள் வேண்டும், தொடர்ந்து போக வேண்டும். கூலிக்காரர் ஒருவர் தனியாகப் போனால் ஒவ்வொரு நடையும் ஒரு நாள் கூலி நட்டம். அதற்காகத்தான் இந்தச் சபையார் வாரக் காணிக்கையில் ஒரு பகுதியை ‘மனுச் செலவு’ என்று தனியாக ஒதுக்குகிறார்கள். போகிறவருக்குப் பேருந்துக் கட்டணமும் அன்றைய கூலியும் அதிலிருந்து. காலனியில் கிறிஸ்தவர் அல்லாத குடும்பங்களும் உண்டு. அவர்கள் மாரியம்மன் கோயில் வரிப்பணத்திலிருந்து கொஞ்சம் தந்தார்கள். கணக்கு நோட்டு ஒன்றுதான். அதை இரண்டு பெண்கள் வைத்திருக்கிறார்கள். மகளிர் குழுவில் கணக்கு எழுதிப் பழகியவர்கள். ஆண்கள் பொறுப்பில் இருந்தபோது ஒருமுறை கணக்கு இடித்தது என்று அவர்களே சிரித்துக்கொண்டு சொன்னார்கள்.

அன்றைய விவாதம் ஏட்டைக் காட்டுவதா வேண்டாமா என்பதில் இரண்டு மணி நேரம் ஓடியது. காட்ட வேண்டாம், வேறு சாட்சி தேடலாம் என்றார்கள் சிலர். பேத்திக்குப் பட்டியல் சாதிச் சான்று இருக்கிறது, அதற்கு ஆபத்து வரும் என்று மருமகள் அழுதார். அந்தப் பயம் வீண் பயமல்ல. 2024 நவம்பரில், கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டே இந்து என்று சொல்லிப் பட்டியல் சாதிச் சான்று கேட்ட புதுச்சேரிப் பெண் ஒருவரின் மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்ததை அந்தச் சட்டக் கல்லூரிப் பையனே படித்துக் காட்டியிருந்தான்.

போதகர் ஒரு வார்த்தைதான் சொன்னார்: “ஏடு கோயிலோடது. ஆனா பேரு உங்களோடது. நீங்க சொல்றதைத்தான் நான் செய்வேன்.”

கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். தாத்தாவின் நிலத்துக்கு வாரிசுரிமையைக் காட்டும் அளவுக்கு அந்த ஒரு பக்கத்தின் நகல் மட்டும் போகும். மனு அம்மாவின் பெயரில் இருக்கும். பேத்தியின் பெயர் எந்தக் காகிதத்திலும் வராது. மனையில் கல் நட்டவர் மீது வன்கொடுமைப் புகார் கொடுப்பதென்றால், அதே புல எண்ணில் நிலம் இழந்த மாரியம்மன் கோயில் தெருக் குடும்பத்தார் கொடுப்பார்கள். சாட்சிக்கு இவர்கள் நிற்பார்கள். ஒரே நிலம், ஒரே அநியாயம். புகார் கொடுக்க ஒருவருக்குத்தான் தகுதி. எழுபத்தைந்து ஆண்டாக இந்தக் கோணலுக்குள் வளைந்து வளைந்துதான் நம் மக்கள் நடக்கிறார்கள்.

ஏட்டைத் துணியில் சுற்றப் போனபோது அம்மா தடுத்தார். தாத்தாவின் வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பையன் படித்தான். பழைய பெயரை அவன் ஒரு எழுத்து மாற்றி உச்சரித்தபோது அவர் திருத்தினார். இரண்டாம் தடவை சரியாகப் படித்தான். ஜமாபந்திக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது. யார் யார் போவது என்று பெயர் எழுதத் தொடங்கினார்கள். முதல் பேருந்து ஆறே காலுக்கு.